அடுப்படிக் கணக்கும் கணினிப் பாடமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)

 

பரிசளிப்பு விழா என்றால் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசிவிட்டு அமர்ந்துவிடுவது வழக்கம். வாழ்த்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன், இந்த ஆண்டு முழுவதும் பள்ளி வாசலிலும், கடைத்தெருவிலும், கோயில் திருவிழாவிலும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கேள்வி இதுதான்: "சார், பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாத்தான் படிப்பு வருமா?"

சிலர் இதையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள். "பக்கத்து வீட்டுல வாங்கிட்டாங்க சார். நம்ம பிள்ளை ஏங்கிப் போவுது. தவணையில எடுத்திடலாம்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சொல்வது இரண்டே வார்த்தை. கடன்பட்டு வாங்காதீர்கள். அதே நேரத்தில், கணினி நமக்கு எட்டாத பொருள் என்று பிள்ளையிடம் சொல்லியும் விடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்த வழி கடையில் தொடங்கவில்லை. நம் வீட்டு அடுப்படியில் தொடங்குகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சம்பளமும் விலைவாசியும்

விலைவாசியைப் பற்றித் தாய்மார்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. நீங்கள்தான் எனக்கு நடத்த வேண்டும். ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சில எண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2022 மே மாதத்தில் அது 1,500 வெள்ளி ஆயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. ஏறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பளம் படியேறும்போது விலைவாசி சும்மா கீழே நின்று பார்த்துக்கொண்டா இருக்கிறது? 2023 நவம்பரில் கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கு இருந்த உதவித்தொகையும் நின்றது. "நம்மகிட்ட லாரியா இருக்கு, டீசலைப் பத்தி நமக்கென்ன?" என்று யாராவது கேட்கலாம். கேமரன் மலையிலிருந்து நம் கடைக்கு வரும் கோசும் தக்காளியும் நடந்தா வருகின்றன? லாரியில்தானே வருகின்றன!

இந்த நிலையில் ஒரு குடும்பம் மடிக்கணினி வாங்க நினைப்பது சின்ன விசயம் இல்லை. அந்த நினைப்பு பேராசையாலும் வரவில்லை, பயத்தால் வந்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். அந்த நாட்களைப் பெற்றோர் மறக்கவில்லை. "நம்ம பிள்ளை மறுபடியும் பின்தங்கிடக் கூடாது" என்ற தவிப்பு அப்போது நெஞ்சில் விழுந்தது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

செம்பனை நின்ற இடத்தில்

இன்னொரு செய்தியையும் நாம் கண் திறந்து பார்க்க வேண்டும். நம் ஜொகூர் மாநிலத்திலே கூலாய், செடெனாக் பக்கம் போய்ப் பாருங்கள். நேற்றுவரை செம்பனையும் அதற்கு முன் ரப்பரும் நின்ற நிலத்தில் இன்று சன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. தரவு மையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கு அடுக்காக இரவும் பகலும் ஓடுகின்றன. நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் படமும் அனுப்பும் செய்தியும் இம்மாதிரி இடங்களில்தான் சேமித்து வைக்கப்படுகின்றன.

இவை ஏன் இங்கே வந்தன? சிங்கப்பூரில் இடமும் மின்சாரமும் போதவில்லை. 2019 முதல் 2022 வரை அங்கே புதிய தரவு மையங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பாலத்தைத் தாண்டினால் நிலம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் உள்ள ஜொகூர். 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனமும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனமும் கூலாயில் செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையம் அமைப்பதாக அறிவித்தன. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையொப்பமிட்டன.

இதிலே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இம்மாதிரி மையங்கள் உலகமெங்கும் பெருகப் பெருக, கணினிக்குள் இருக்கும் நினைவகச் சில்லுக்குப் பெரிய கிராக்கி வந்துவிட்டது. சில்லு செய்யும் நிறுவனங்கள் அதிக விலை கொடுக்கும் அந்தப் பெரிய வாடிக்கையாளர்களின் பக்கம் திரும்பிவிட்டன. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறியது. ஏழைப் பிள்ளைகளும் கணினி கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு 35 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டார்களே, ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி, அதன் சில வகைகளுக்கே 2025 கடைசியில் விலை ஏற்ற வேண்டியதாயிற்று. ஆக, நம் தோட்டத்துப் பக்கத்தில் எழும் கட்டடத்துக்கும், பட்டணத்துக் கடையில் நீங்கள் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்ட மடிக்கணினியின் விலைச் சீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டடங்களின் வாசலில் நம் பிள்ளைகள் காவலுக்கு நிற்கப் போகிறார்களா? தரை துடைக்கப் போகிறார்களா? அந்த வேலைகளை நான் குறைத்துப் பேசவில்லை. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் உயர்ந்ததுதான். ஆனால் நம் தாத்தா காடழித்தார், அப்பா மரம் வெட்டினார், அதே மண்ணில் பேரப்பிள்ளைக்கும் வாசலோடு நிற்கும் வேலைதான் என்றால் நெஞ்சு பொறுக்குமா? உள்ளே போய்ப் பழுது பார்க்கிறவனாக, கட்டளை எழுதுகிறவளாக நம் பிள்ளை இருக்க வேண்டாமா?

பால்வெட்டில் இருக்கிறது பாடம்

அப்படியானால் கணினிப் பாடம் என்பது என்ன? பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்குவதா? இல்லை. விளையாட்டு விளையாடுவதா? அதுவும் இல்லை.

கணினிக்குச் சொந்த புத்தி கிடையாது. நாம் சொல்லும் கட்டளையை, சொன்ன வரிசையில், சொன்ன தடவை செய்யும். அவ்வளவுதான். வரிசை தப்பினால் விடையும் தப்பும். இந்த வரிசைப்படுத்தும் அறிவைத்தான் நாம் பிள்ளைக்குக் கற்றுத்தருகிறோம்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிதா? பால் வெட்டியவர்களைக் கேட்கிறேன். விடியுமுன் நிரைக்குப் போகிறீர்கள். முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை முதலில் உரித்தெடுக்கிறீர்கள். பிறகு வெட்டுகிறீர்கள். பிறகு மங்கைச் சரியாக நிறுத்துகிறீர்கள். அடுத்த மரம். மறுபடியும் உரி, வெட்டு, நிறுத்து. நிரை முடியும்வரை இதேதான். மழை வந்தால் வெட்டு இல்லை. இதையே கணினிக்காரர்கள் மூன்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது வரிசை. நிரை முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்வது சுழற்சி. 'மழை பெய்தால் வெட்டாதே' என்பது நிபந்தனை. உலகத்திலுள்ள எவ்வளவு பெரிய நிரலானாலும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தில் நம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளில் பூனைப் படத்தை நடக்க வைக்கிறார்களே, அதிலும் இந்த மூன்றுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் செய்து 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பழைய கணினியிலும் ஓடும். ஆகவே விலையுயர்ந்த பெட்டி இருந்தால்தான் பாடம் வரும் என்பது பொய்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு சிறு வேண்டுகோள். 'புராஜெக்ட்' என்ற பெயரில் கடையில் செய்து விற்பதை வாங்கிக் கொடுத்தனுப்பாதீர்கள். இரவு முழுக்க அப்பா உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்ததையும் அனுப்பாதீர்கள். அப்பாவின் கைவண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் அப்பாவுக்கு இல்லையே! பிள்ளை தானே செய்தது கோணலாக இருந்தாலும் எங்களுக்கு அதுதான் வேண்டும்.

முப்பது நாள் நோட்டு

அப்படிப் பிள்ளை தானே செய்யக்கூடிய, செலவே இல்லாத ஒரு திட்டத்தை இந்த ஆண்டு பெரிய வகுப்பில் செய்தோம். 'நம் வீட்டுக் கணக்கு' என்று பெயர் வைத்தோம்.

ஒரு பழைய பயிற்சி நோட்டு. முப்பது நாள். வீட்டில் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் பிள்ளை கேட்டு எழுத வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை. ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தோம்: வருமானத்தை யாரும் எழுத வேண்டாம், யார் வீட்டுக் கணக்கையும் வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். வீட்டு மானம் வீட்டோடு இருக்கட்டும். மாதக் கடைசியில் பள்ளிக் கணினியில் அவரவர் கணக்கை அவரவர் விரிதாளில் ஏற்றினார்கள்.

விரிதாள் என்றால் கட்டம் கட்டமாகப் போட்ட கணக்குத் தாள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறும். 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்ற பெயரில் இதை முதன்முதலாகச் சிறு கணினிக்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு மற்ற எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்துப் பிரிக்ளினுக்கு இந்த யோசனை வந்ததாம். இந்த ஒரு மென்பொருளுக்காகவே அக்காலத்தில் பலர் கணினி வாங்கினார்கள். மனிதர்கள் கணினியை மேசைக்குக் கொண்டுவந்ததே வரவு செலவு பார்க்கத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

நோட்டு திரும்பி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி வந்து, "சார், எங்கம்மா எழுதவே இல்ல. ஆனா போன வாரம் வெங்காயம் என்ன விலை, அதுக்கு முந்தின வாரம் என்ன விலைன்னு மனசிலேயே வச்சிருக்காங்க" என்று வியந்து சொன்னாள். அந்தப் பிள்ளை தன் தாயை அன்றுதான் ஒரு கணக்காளராகப் பார்த்தாள். கணினி என்ற சொல்லின் ஆங்கில மூலம்கூட முற்காலத்தில் பொறியைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. அப்படிப் பார்த்தால் நம் வீடுகளில் கணினி எப்போதோ வந்துவிட்டது. அது விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு பையன் வந்தான். அவன் விரிதாளில் அரிசி, மீன், காய்கறி, பேருந்து என்று வரிசை இருந்தது. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி. அந்த வரிதான் எல்லாவற்றிலும் பெரிதாக நின்றது. "தம்பி, இது என்னப்பா மற்றவை?" என்று கேட்டேன். "தெரியல சார். அப்பா 'மற்றவைன்னு போட்டுக்க'ன்னு சொல்லிட்டாங்க" என்றான். அந்த அப்பா யார் என்று நான் சொல்லமாட்டேன். சிரிக்கிறவர்கள் எல்லாரும் அவர்தான் என்றும் சொல்லமாட்டேன்! ஆனால் அவர் மறுவாரம் என்னைக் கண்டபோது, "சார், அந்தக் கோட்டைப் பையன் தினமும் பார்க்கிறான். கூச்சமா இருக்கு. கொஞ்சம் குறைச்சிருக்கேன்" என்றார். எத்தனையோ சொற்பொழிவு செய்யாததை ஒரு விரிதாள் செய்தது.

பிள்ளைகள் கண்டுபிடித்த வேறு சிலவற்றையும் சொல்கிறேன். 100 கிராம் காப்பித்தூள் 3 வெள்ளி 20 காசு, 500 கிராம் 13 வெள்ளி 50 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் 100 கிராம் 2 வெள்ளி 70 காசுதான் வருகிறது. பெரியதே இலாபம். ஆனால் 900 கிராம் பிஸ்கட் 11 வெள்ளி 70 காசு, 400 கிராம் 4 வெள்ளி 80 காசு என்றால்? பெரியதில் 100 கிராம் 1 வெள்ளி 30 காசு, சிறியதில் 1 வெள்ளி 20 காசு. இப்போது சிறியதே இலாபம். 'பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு' என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது தப்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் கணக்குப் போதும்.

தினம் 1 வெள்ளி 80 காசுக்கு ஒரு குளிர்பான டின். மாதம் 26 வேலை நாள். 46 வெள்ளி 80 காசு. ஆண்டுக்கு 561 வெள்ளி 60 காசு. இந்த எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

தவணைச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள்

இப்போது அந்த மடிக்கணினிக்கு வருவோம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ரொக்க விலை 1,800 வெள்ளி. "முன்பணம் வேண்டாம், மாதம் 98 வெள்ளிதான்" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். 98 வெள்ளி என்றதும் நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. எத்தனை மாதம்? 24 மாதம். 98-ஐ 24-ஆல் பெருக்கினால் 2,352 வெள்ளி. ரொக்க விலைக்கு மேல் 552 வெள்ளி. ஏறக்குறைய ஓராண்டுக் குளிர்பானக் காசு முழுவதும் வட்டியாகவே போகிறது!

சம்பளப் பக்கத்தையும் பாருங்கள். 1,700 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி போகும். மீதி 1,513. சொக்சோ போன்ற சிறு பிடித்தங்கள் போனால் 1,500 சொச்சம். வேலை குறைந்து, மழை பெய்து, உடம்புக்கு முடியாமல் போன மாதத்தில் என்ன ஆகும்? தவணை மழையைப் பார்க்காது. ஒரு தவணை தப்பினால் அதை அடைக்க இன்னொரு கடன், அதற்கு வட்டிக்காரன். அப்புறம் வீட்டிலே நிம்மதி இருக்காது. நிம்மதி இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல கணினி இருந்தாலும் பிள்ளை என்ன படிக்கும்? 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் பெரியவர்கள் இதற்குத்தான் சொன்னார்கள்.

ஆகவே பெற்றோரே, எதற்காவது கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்து, "இதுல மொத்தம் எவ்வளவு கட்டணும், பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். சம்பளச் சீட்டையும் அப்படியே கொடுங்கள். எத்தனை நாள், எத்தனை குலை, எவ்வளவு பிடித்தம் என்று பிள்ளை படித்துக் காட்டட்டும். பள்ளியில் படித்த கணக்கு வீட்டுக்கு உதவுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்த அன்று, அவனைப் படி படி என்று விரட்ட வேண்டியிருக்காது.

பத்துப் பத்து வெள்ளியாய்

"சரி சார், வாங்க வேணாம்னு சொல்லிட்டீங்க. பிள்ளை எதுல பழகும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான்கு வழி சொல்கிறேன்.

முதல் வழி, உங்கள் கைப்பேசி. அதுவும் கணினிதான். விரிதாள் அதிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுக் கணக்கை மாலையில் அரை மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை போடட்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அல்ல.

இரண்டாவது, அரசாங்கத்தின் நாடி மையங்கள். முன்பு பெடி என்று அழைத்தோமே, அதே மையங்கள்தான். நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கணினியும் இணையமும் அங்கே உண்டு, வகுப்புகளும் நடக்கின்றன. பெயரே நாடி, நாம்தான் நாடிப் போவதில்லை! நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை ஒருவர் வண்டியில் கூட்டிப்போனால் எண்ணெய்ச் செலவும் பங்காகிவிடும்.

மூன்றாவது, பழுது பார்த்து விற்கப்படும் பழைய மடிக்கணினி. சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். நம் பிள்ளைகளின் பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். வாங்குமுன் மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கிறது, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பார்த்து வாங்குங்கள். தெரியாவிட்டால் எங்களிடம் காட்டுங்கள்.

நான்காவது வழி, கூட்டுமுயற்சி. இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. நம் சமுதாய வரலாற்றிலிருந்து சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். "மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்று பேசினார். 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பிறகு பல தோட்டங்களை வாங்கினார்கள். பால் வெட்டியவன் தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆனான். தனியாக நின்றிருந்தால் ஒருவரால் ஒரு மரம் வாங்க முடிந்திருக்குமா?

அன்று பத்துப் பத்து வெள்ளியாய்த் தோட்டம் வாங்கிய சமுதாயம், இன்று ஐந்து ஐந்து வெள்ளியாய்ப் பள்ளிக்கு நாலு கணினி வாங்க முடியாதா? ஐம்பது குடும்பம், மாதம் ஐந்து வெள்ளி, பன்னிரண்டு மாதம் என்றால் 3,000 வெள்ளி. இதையும் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறையாகக் கணக்கு வைத்து, ரசீது கொடுத்து, பள்ளி நூலகத்தில் ஒரு கணினி மூலை அமைத்து, மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், தனித்தனியே ஐம்பது வீடு கடன்படத் தேவையில்லை. சங்கப் பொறுப்பாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாத குடும்பம் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்த மூலையில் சம இடம் உண்டு. இது முக்கியம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அண்ணன் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்க, தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வீட்டு வேலை இருவருக்கும் பொது. கணினியும் இருவருக்கும் பொது. இன்று மேடையேறிப் பரிசு வாங்கிய மகள்களைப் பார்த்தீர்கள் அல்லவா? அவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அதுவே நீங்கள் தரும் பெரிய சீர்.

மாணவச் செல்வங்களே!

கடைசியாக உங்களிடம் வருகிறேன். நீங்கள் கைப்பேசியில் தமிழில் தட்டுகிறீர்களே, அது எப்படி வந்தது தெரியுமா? நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 2005-இல் கைப்பேசியில் தமிழ் அனுப்பச் செல்லினம் கொண்டுவந்தார். ஆப்பிள் கருவிகளில் உள்ள இணைமதி என்ற தமிழ் எழுத்துருவும் அவர் வடித்ததுதான். அவருடைய தந்தையார் கவிஞர் முரசு நெடுமாறன் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கணினி தமிழ் பேசாத காலத்தில், 'தமிழ் வராது' என்று விட்டுவிடாமல், வரவைக்க என்ன செய்யலாம் என்று பார்த்தவர் அவர். கணினியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்குப் பெயர் வாடிக்கையாளன். அதில் இல்லாததை உண்டாக்குகிறவனுக்குப் பெயர்தான் படித்தவன்.

நீங்களும் உண்டாக்கலாம். பெரிதாக வேண்டாம். பாட்டி மருந்து சாப்பிடும் நேரத்தை நினைவூட்டும் சிறு நிரல் எழுதுங்கள். அம்மாவின் மளிகைப் பட்டியலைக் கூட்டித் தரும் விரிதாள் போடுங்கள். தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் பூனையை ஸ்கிராட்சில் நடமாட விடுங்கள். பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். மேடைப் பரிசு ஆண்டுக்கு ஒருமுறை. "என் பிள்ளை கணக்குப் பார்த்துச் சொன்னான், இந்த மாசம் கொஞ்சம் மிச்சமாச்சு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வது மாதாமாதம் கிடைக்கும் பரிசு.

அப்பா அம்மாவிடம் ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்குமுன், அதன் விலையை அவர்களுடைய வேலை நாட்களால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வெயில், எத்தனை நாள் மழை என்று தெரியும். தெரிந்த பிறகும் அது தேவை என்று தோன்றினால் தைரியமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும்.

பெற்றோரே, அடுத்த மாதம் முதல் தேதி ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். முப்பது நாள். அவ்வளவுதான் நான் கேட்பது. நோட்டுக்கு ஆகும் செலவு ஒரு வெள்ளிகூட இல்லை. 'மற்றவை' என்ற வரி மட்டும் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும்!

பரிசு பெற்றவர்களுக்கு என் வாழ்த்து. பெறப்போகிறவர்களுக்கு என் நம்பிக்கை. 

வாழ்க தமிழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!